மத்தியானம் ஒன்றரை மணி டீ

1

பாலத்தின் பாதியில்தான் இடுப்பைப் பார்த்தேன். கடையில் கட்டியிருந்த நீல ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருக்கிறேன். திரும்பிப் போய்க் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். போனால் முதலாளி இன்னொரு தரம் பொறுமையாகப் பேசுவார், நான் இன்னொரு தரம் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன். கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன்.

மலேசியாவில் மூவார் என்கிற ஊர். நடுவில் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நான் இரண்டு வருடமாகப் பரோட்டா வீசிய சாப்பாட்டுக் கடை. அந்தப் பக்கம், ஊரைத் தாண்டி, என்னை இங்கே கொண்டுவந்த ஏஜென்டின் ஆபீஸ். என் பாஸ்போர்ட் அங்கே ஒரு பீரோவில் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கலாம். ஆனால் நின்றால் யோசனை வரும் என்று நடந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. என் மனைவி பாண்டிமீனாவுக்கு எட்டாம் மாதம். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் 7.1 என்று வந்திருக்கிறது. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. கர்ப்பிணி என்றால் பதினொன்றாவது வேண்டும். இரும்புச்சத்து இல்லை, ஏழுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்ற வேண்டும், இந்த நிலைமையில் வலி வந்தால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். போன் செய்தது என் மாமியார். அத்தை அழும் ஆள் இல்லை. அன்றைக்கும் அழவில்லை. "நீக ஒரு எட்டு வந்துட்டுப் போனா நல்லது" என்று மட்டும் சொன்னார். பத்து வருடத்தில் அத்தை என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

காலையில் முதலாளியிடம் லீவு கேட்டேன். ராமநாதபுரத்துக்காரர், கெட்டவர் இல்லை. பாஸ்போர்ட்டும் தன்னிடம் இல்லை, பெர்மிட்டும் தன் பேரில் இல்லை, தன்னிடம் இல்லாத ஆளுக்குத் தான் எப்படி லீவு கொடுப்பது என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் கிளம்பிவிட்டேன்.

2

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடத்தை விட்ட மாதிரியே மற்ற எல்லா இடங்களையும் விட்டிருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் இட்லிக் கடை, கத்தாரில் சாரம் கட்டும் வேலை. எங்கேயும் சண்டை போட்டு வந்ததில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் கொஞ்ச காலம் நிலையாக இருந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.

எங்கள் வீடு குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இறங்கி உள்ளே போக வேண்டும். முதல் பிள்ளை யாழினி பிறந்தபோது நான் கத்தாரில் இருந்தேன். அவளுக்கு இப்போது ஏழு வயது. உன் அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் டீச்சர் கேட்டதற்கு, "எங்க அப்பா போன்ல இருப்பாக" என்று சொல்லியிருக்கிறாள். பாண்டிமீனா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் தாய் சேய் அட்டையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. கணவரின் தொழில் என்ற இடத்தில் 'வெளிநாடு' என்று எழுதியிருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். அதுதான் எழுதியிருந்தது.

போன வருடக் கடைசியில் ஒன்றரை மாத லீவில் போய்விட்டு வந்தேன். அதற்குப் பிறகு இந்தப் பிள்ளை.

நான்காம் மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் முழுங்க வேண்டும் என்று எங்கள் ஊர் நர்சம்மா சொல்லியிருக்கிறார். பாண்டிமீனா முழுங்கியதும் வாந்தி எடுத்துவிடுவாள். துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்பாள். நாலைந்து நாள் போடாமலே விட்டிருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தூரத்தில் இருந்துகொண்டு வேறு எதையும் செய்ய முடியாது, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு கட்டினேன்.

இங்கே மத்தியானக் கூட்டம் ஓய்ந்து நாலு மணிக்கு எங்களுக்கு டீ. அப்போது ஊரில் ஒன்றரை மணி. தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவது, என் கண் முன்னால் மாத்திரையை முழுங்குவது என்று ஏற்பாடு. தண்ணீரில் குமட்டுகிறதா, சரி, டீயில் முழுங்கு என்று சொன்னவன் நான்தான். சூடும் இனிப்புமாக இருந்தால் அந்த ஆணி வாசம் தெரியாது. நானும் இங்கே ஒரு கிளாஸ் டீயோடு உட்கார்ந்துகொள்வேன்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் ஊரில் யாரும் டீ குடிப்பதில்லை. சோறு தின்றுவிட்டுப் படுக்கிற நேரம். எனக்காக அவள் அந்நேரம் அடுப்பைப் பற்ற வைத்தாள். வாந்தி நின்றுவிட்டது. மாத்திரையைக் காட்டுவாள், வாயில் போடுவாள், டீயை உறிஞ்சுவாள், பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். "போதுமா, போலீஸ்காரரே" என்பாள். சில நாள் யாழினி வந்து போனைப் பிடுங்கி மின்விசிறியைக் காட்டிவிட்டுப் போவாள். கால் மணி நேரம்தான். லீவு முடிந்து வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது என்று சொன்னால் அது ஒன்றுதான். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் நாலு மணிக்கு நான் அடுப்படிக்குப் பின்னால் போய்விடுவேன். கூட வேலை பார்த்த பையன்களிடம், என் பொண்டாட்டி மாத்திரையை நான்தான் முழுங்க வைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

3

ஐந்தாம் மாதம் 9.4 என்றார்கள். அடுத்த மாதம் 8.6. அதற்கடுத்து 7.9.

மாத்திரை போடப் போட எண் இறங்குவது எனக்கு விளங்கவில்லை. பெட்ரோல் போடப் போட வண்டியில் முள் கீழே போகிற மாதிரி இருந்தது. இங்கிருந்து பேரீச்சம்பழம் அனுப்பினேன். முருங்கைக்கீரை வாரத்துக்கு நாலு நாள். கறிக்கடையில் சொல்லி வைத்து, ரத்தம் ஊறும் என்று ஆட்டுச் சுவரொட்டியை வாங்கி அத்தை வதக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவளுடைய உதடு வெளுத்துக்கொண்டே போனது. வீடியோவில் வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்வேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, கறுப்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறது. பாண்டிமீனா, "எங்க ரெண்டு பேருக்கும் பொறக்குறது வேற எந்த நெறத்துல வரும்க்கா" என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அவள் அப்படித்தான். குன்றக்குடி மலைக்குப் போனவள் எட்டாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டு, மகளையும் அம்மாவையும் மேலே அனுப்பி, இங்கிருந்து கும்பிட்டால் முருகனுக்குத் தெரியாதா என்று கேட்டவள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. யாழினி சொன்னாள். இன்னொரு விஷயமும் அவள்தான் சொன்னாள். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சரிசியை வாய் நிறையப் போட்டு மெல்லுகிறது, ராத்திரி பகல் என்று இல்லை. நான் மசக்கை என்று நினைத்தேன். உடம்பில் இரும்பு குறைந்தால் அப்படியும் கேட்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு தடவை எண் இறங்கும்போதும் அவளுக்குத் திட்டு விழுந்தது. மாத்திரையை வாங்கி வேலியில் எறிகிற பெண்கள் நிறையப் பேர் இருப்பதால், இவளையும் அப்படித்தான் நினைத்தார்கள். நீ போடுவதில்லை, பொய் சொல்கிறாய் என்று நர்சம்மா நேராகவே சொல்லியிருக்கிறார். போடுகிறேன் என்று இவள் சத்தியம் செய்திருக்கிறாள். காலியான அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டியும் அவர் நம்பவில்லை. அதை என்னிடம் சொன்ன அன்றைக்குத்தான் பாண்டிமீனா அழுததை முதல் தடவையாகப் பார்த்தேன். நான் சாட்சி சொல்கிறேன், நம்பர் கொடு என்று சொல்லியிருந்தேன்.

4

ஏஜென்டின் ஆபீஸ் ஒரு டயர்க் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நான் போனபோது அவர் இல்லை. தலையில் முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி கணக்காளர் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு மலாய், சாப்பாட்டுக் கடைக்கு வேண்டிய அளவு தெரியும். கடையில் பாலும் சீனியும் போடாத டீயைக் கோசோங் என்போம். கோசோங் என்றால் காலி. தாரா என்றால் ரத்தம். எனக்குத் தெரிந்ததை வைத்து, என் மனைவி, தாரா கோசோங் என்றேன்.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். செத்துப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டாள் போல. நான் பதறிப்போய், இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, கையால் வயிறு பெரிதாக இருப்பதைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. குராங் தாரா என்று ஒரு தாளில் எழுதித் திருத்தினாள். ரத்தம் குறைவு. தனக்கும் பிள்ளை உண்டானபோது இருந்தது என்று சைகையில் சொன்னாள். அப்புறம் ஒரு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டாள். இந்த நாட்டில் அன்றைக்கு என்னோடு வருத்தப்பட்ட ஒரே ஆள்.

இங்கே ஒன்றரை மணி வாக்கில், ஊரில் பதினொன்று இருக்கும், பாண்டிமீனாவின் நம்பரிலிருந்து போன். எடுத்தால் வேறு குரல். எங்கள் ஊர் நர்சம்மா. ஆஸ்பத்திரிக்கு இவளைப் பார்க்க வந்திருக்கிறார். நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றேனே, அதற்காக இவளே போனைக் கொடுத்திருக்கிறாள்.

நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நாலு மாதமாக ஒரு நாள் தவறாமல் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவளைப் பொய்க்காரி என்று சொல்லாதீர்கள் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

நர்சம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சரிப்பா, பாத்தீக. என்னத்துல முழுங்குனா?"

"டீயில."

வார்டில் யாரோ பாத்திரம் உருட்டுவது கேட்டது.

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான். தண்ணியில வாந்தி வருதுன்னா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போன குரலில் விளக்கமாகச் சொன்னார். டீயும் காப்பியும் இரும்பை உடம்பில் சேர விடாது. பாலும் சேர்த்துக் குடித்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் டீயைத் தொடக்கூடாது. அவள் முழுங்கியதில் பெரும்பங்கு சேராமலே போயிருக்கும். வாந்தி வந்தால் தன்னிடம் வந்து சொல்லியிருந்தால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்திருப்பார், இல்லையென்றால் எலுமிச்சைத் தண்ணீரில் முழுங்கச் சொல்லியிருப்பார். "தண்ணியிலன்னு நான் சொன்னேன்ப்பா. எதுல கூடாதுன்னு பிரிச்சுச் சொல்லாம விட்டுட்டேன். மத்தியானத்துல டீ குடிப்பான்னு நான் கண்டேனா?" என்றார். கடைசியாக, "இந்தப் புள்ளைய நான் வேற திட்டிப்புட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

ஊசி வழியாக நரம்பில் இரும்பு மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறும், பிறகு சோதித்துப் பார்ப்பார்கள் என்றார். அதற்குள் வலி வராமல் இருக்க வேண்டும். நான் சரி சரி என்றேன். போனை வைத்த பிறகும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சும்மா இருந்திருந்தால் அவள் சில நாள் போட்டிருப்பாள், சில நாள் விட்டிருப்பாள். போட்ட நாளாவது உடம்பில் ஒட்டியிருக்கும். நாலு மாதம், ஒரு நாள் தவறாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வீணாக்கியிருக்கிறேன்.

ஏஜென்ட் இரண்டரை மணிக்கு வந்தார். இந்த ஊரில் பிறந்த தமிழர். கேட்டுவிட்டு, பீரோ பக்கம்கூடத் திரும்பவில்லை. பெர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அந்தக் கம்பெனி கடிதம் கொடுக்க வேண்டும், அதை இமிகிரேஷனில் காட்டிச் சீல் வாங்க வேண்டும், மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். போனால் பெர்மிட் முடிந்துவிடும், திரும்பி வர முடியாது. நான் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்கள் என்றேன். சீல் இல்லாத பாஸ்போர்ட்டோடு ஏர்போர்ட் போனால் அங்கேயே உட்கார வைப்பார்கள் என்றார்.

"உன் ஒய்ஃபுக்கு டாக்டர் இருக்கில்ல? நீ போயி என்னா செய்வே? நீ டாக்டரா?"

காலையில் இதைக் கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மத்தியானம் கேட்டபோது, கடிதத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கடிதத்துக்கு மனு என்று ஒரு தாளை நீட்டினார். மலாயில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். கடிதம் வருகிற வரைக்கும் சும்மா உட்கார முடியாது, கடலோரம் ஒரு இறால் கொட்டகையில் ஆள் கேட்கிறார்கள், காலையில் லாரி வரும், ஏறிக்கொள் என்றார். இன்றைக்கு மாடியில் படுத்துக்கொள்ளலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

5

அன்றைக்கு நாலு மணிக்கு என் கை தானாகப் போனை எடுத்தது. எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். ஆறு மணிக்கு அவளே கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நர்சம்மா சொன்னது எல்லாம் அவளுக்கும் தெரியும். முகத்தில் கோபம் இல்லை. நிம்மதியாகக்கூட இருந்தாள். பொய்க்காரி இல்லை என்று ஆகிவிட்டதே.

கடையை விட்டு வந்துவிட்டேன், எப்படியாவது வந்துவிடுவேன் என்றேன். கடிதம், சீல், வாரக் கணக்கு எல்லாம் சொன்னேன். அவள் ஊசி போட்ட கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வந்தா வாங்க. வர முடியலைன்னா அதுக்காகப் போலீஸ்ல கீலீஸ்ல மாட்டிக்கிறாதீக. எங்கம்மா இருக்கு."

அத்தை கேட்டாரே என்றேன்.

"அது பயத்துல கேட்டிருக்கும். இப்ப மருந்து ஏறுறதப் பாத்துட்டுச் சும்மாதான் இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை அழுதது.

"ஒண்ணு சொல்லட்டா, கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"வீட்டுக்குப் போனாலும் மாத்திரை இருக்காம். மத்தியானம் எலுமிச்சைத் தண்ணியில போடணுமாம். அந்நேரம் நீக கூப்பிடாதீக. ஒங்க மொகத்தப் பாத்தா எனக்கு டீ குடிக்கணும் போல இருக்கு. இன்னைக்கு ஒன்றரை மணிக்கு வாயெல்லாம் ஊறுது. என்னத்தச் செய்ய?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். கூப்பிட மாட்டேன் என்று சொன்னேன்.

எந்த நேரம் கூப்பிடட்டும் என்று கேட்டதற்கு, சாயங்காலம் கூப்பிடுங்கள், சும்மா பேசலாம் என்றாள். நாலு மாதமாக எனக்கு ஒரு வேலை இருந்தது. கர்ப்பிணியின் கணவன் என்கிற வேலை. வெளிநாட்டில் இருந்தபடி அதை ஒழுங்காகப் பார்ப்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்தும் நின்றாகிவிட்டது. யாழினி போனை வாங்கி, அம்மா கையில் தண்ணி ஊசி போட்டார்கள் என்று காட்டிவிட்டு, நான் ஏதோ கேட்பதற்குள் டாட்டா என்று வைத்துவிட்டாள்.

இதை எழுதுகிற இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஊசி ஏறியிருக்கிறது. 7.8 என்று நேற்றுச் சொன்னார்கள். நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. ஏறுகிறது, ஆனால் நாள் குறைவாக இருக்கிறது என்கிறார்கள். என் கடிதம் இன்னும் வரவில்லை.

ஏஜென்டைப் பார்த்ததற்கு மறுநாள் காலையில் ஆறரைக்கு லாரி வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றவன் யோசிக்காமல் ஏறினேன். கடலோரம் தகரக் கூரை போட்ட கொட்டகை, நீளமான மேஜை, இரண்டு பக்கமும் ஆட்கள். இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸ் தொட்டியில் போட வேண்டும். மேஸ்திரி ஒரு சீனர். வேலையைக் காட்டினார், ரப்பர் கையுறை கொடுத்தார். பிறகு பிஸ்கட் டின் ஒன்றை என் முன்னால் நீட்டினார். ஏற்கெனவே அதில் பத்துப் பன்னிரண்டு போன் கிடந்தது. ஈரக் கையால் போனைத் தொடக்கூடாது, ஏழு மணிக்குப் போட்டால் ஐந்து மணிக்குத்தான் எடுக்கலாம், நடுவில் நாலு மணி டீக்குக்கூட யாருக்கும் கிடையாது என்று பக்கத்தில் நின்ற வங்காளி எனக்குப் புரிகிற மாதிரி விரலை மடக்கிக் காட்டினான். இந்த ஒரு விஷயத்துக்காகவே பலர் இங்கே நிற்பதில்லையாம்.

நான் போனை டின்னில் போட்டுவிட்டு, இந்த வேலையிலேயே இருந்துகொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.